பூஜைக்கு வைத்த பேரிங்

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியை ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்து இதுவரை பதினொரு பேர் உள்ளே வந்து விசாரித்திருக்கிறார்கள். நடமாடும் ரத்தப் பரிசோதனை நிலையமா என்று கேட்டவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர் வெறும் வயிற்றோடு வந்திருந்தார்.

அது இழுவை வண்டி. எஞ்சின் கிடையாது. இரண்டே சக்கரம், முன்னால் ஒரு கொக்கி. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். மேலே தகரமும் ஒட்டுப்பலகையும் வைத்துக் கட்டிய ஓர் அறை. அதற்குள் ஒரு கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு சின்னக் குளியலறை. கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகன் ஊர் சுற்றுவதற்கென்று வாங்கினான். இரண்டு முறை சுற்றினான். அவன் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் சங்கத்தார் நிறுத்த இடமில்லை என்று ஏழு கடிதம் எழுதிய பிறகு, விக்கிரமசிங்கபுரத்துக்குக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் விட்டுவிட்டுப் போனான். ஆறு கத்தரிச் செடிகளும் ஒரு முருங்கையும் அதற்கு இடம்கொடுத்தன. பிறகு இரண்டு வருடமும் இருபது நாளும் அது அசையவில்லை.

அதை அசைக்க வேண்டும் என்று முடிவு செய்தவள் என் மனைவி.

அவளுக்கு வயது அறுபத்தொன்பது. அம்பாசமுத்திரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் காலத்திலேயே ஆபரேட்டராகச் சேர்ந்தவள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் உவரிக்காரி, கத்தோலிக்கக் குடும்பம், கடலோர வீடு. இருவரும் இருபத்தாறு வருடம் காதில் ஒரே மாதிரிக் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். ஓய்வு பெற்ற பின் தினமும் போனில் பேசுகிறார்கள். சராசரி நாற்பத்திரண்டு நிமிடம். ஆனால் நேரில் பார்த்து நான்கு வருடம் ஆகிவிட்டது. நான்கு வருடத்துக்கு முன்தான் என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை நடந்தது. அதற்குப் பிறகு அவளால் தரையோடு தரையாக இருக்கும் கழிப்பறையில் உட்கார முடியாது. தோழியின் வீட்டில் இருப்பவை இரண்டு, இரண்டும் அப்படிப்பட்டவை. விடுதி, உறவினர் வீடு என்று நான் சொன்ன ஒன்பது யோசனைகளையும் அவள் தள்ளிவிட்டாள். தெரியாத இடத்துக் கழிப்பறையை நம்பிப் புறப்பட மாட்டாள். நான்கு வருடமாக ஓர் இரவுகூட வெளியில் தங்கியதில்லை.

இந்த நிலையில் அந்தத் தோழி துபாயில் இருக்கும் மகளிடம் போவதாகச் செய்தி வந்தது. ஆறு மாதம் என்றுதான் சொன்னாள். ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலே என் மனைவிக்கும் தெரிந்திருந்தது.

அன்று மாலை அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். வண்டியின் பின்கதவைத் திறந்து குளியலறையை எட்டிப் பார்த்தாள்.

‘இதுல உக்காருத உயரம் எவ்வளவு?’

‘பதினேழு அங்குலம்.’ போன வருடமே அளந்து வைத்திருந்தேன்.

‘அப்ப விஜயதசமி அன்னைக்கி நாம உவரிக்குப் போறோம். அதுக்கு ரெண்டாம் நாள் காலைல அவ கெளம்புதா. ரெண்டு ராத்திரி அவகூட இருக்கணும்.’

மகனுக்குப் போன் செய்தேன். அவன் ஒரே ஒரு நிபந்தனை சொன்னான். இரண்டு மழைக்காலம் நின்ற வண்டி. சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங்கைக் கழற்றி, பழைய கிரீஸைக் கழுவி, புதுசு அடைக்காமல் தெருமுனைகூடத் தாண்டக் கூடாது. பேரிங் இறுகினால் சூடாகும், சூடானால் சக்கரமே கழன்று தனியாகப் போகும். அவன் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். கவலைப்படுவதற்கு ஏற்ற செய்தி.

நான் மில்லில் முப்பத்து நான்கு வருடம் நூல் பரிசோதனை அறையில் வேலை பார்த்தவன். ஓர் அங்குல நூலில் எத்தனை முறுக்கு, ஆயிரம் மீட்டரில் எத்தனை முடிச்சு என்று எண்ணுவதே உத்தியோகம். ஆகவே பேரிங் என்றால் எனக்கு அந்நியம் இல்லை. கழற்றுவதும் கழுவுவதும் நானே செய்வதாகவும், பூட்டும்போது மட்டும் மெக்கானிக் வந்து பார்த்தால் போதும் என்றும் முடிவு செய்தேன். மெக்கானிக் எங்கள் தெருக்காரர். டிராக்டர் பார்ப்பவர், வயது நாற்பத்தைந்து இருக்கும். வண்டியை இழுத்துப் போகும் ஜீப்பும் அவருடையதுதான். அவருடைய மாமனார் வீடு திசையன்விளையில், உவரிக்குப் போகும் வழி.

‘அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். ஒரு மணி நேரத்துல நானே முடிச்சுருவேன்’ என்றார்.

‘ஒரு மணி நேரத்துல எப்படி எண்ணுவீரு?’

‘எண்ணணுமா? எதை?’

அவரிடம் அதற்கு மேல் பேசுவதில் பயனில்லை.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் காலை வேலையைத் தொடங்கினேன். ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, நடுவில் இருந்த தகர மூடியைத் தட்டி எடுத்தேன். அதற்குள் கிரீடம் போல ஒரு நட்டு, அதன் குறுக்கே ஒரு கம்பி முள். அவற்றை எடுத்தால், சக்கரம் பூட்டியிருந்த இரும்புக் குடமான ஹப் கையோடு வந்துவிடும். ஒவ்வொரு ஹப்பிலும் இரண்டு பேரிங். வெளிப்பக்கம் சின்னது, உள்பக்கம் பெரியது. பழைய கிரீஸ் கருவாட்டுக் குழம்பின் நிறத்தில் இருந்தது. நான் சைவன், பார்த்ததைத்தான் சொல்கிறேன். டீசலில் ஊறவைத்துத் தேய்த்தேன். பெரிய பேரிங்கில் பதினேழு உருளை, சின்னதில் பதினைந்து. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து அறுபத்து நான்கு. ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, கீறல் இருக்கிறதா என்று நோட்டில் குறித்தேன். கீறல் இல்லை. ஆனால் அறுபத்து நான்காவது உருளையைப் பார்த்து முடித்தபோது மாலை ஆறரை ஆகிவிட்டது. கிரீஸ் அடைக்கும் வேலையை மறுநாளைக்கு வைத்துக்கொண்டேன்.

கூடத்தில் இரண்டு செய்தித்தாள் விரித்தேன். ஒன்றில் ஸ்பேனர்கள். மற்றதில் பேரிங்குகள்: இடது சக்கரத்துடையவை இடப்பக்கம், வலது சக்கரத்துடையவை வலப்பக்கம். இது முக்கியம். பேரிங்கின் வெளி வளையம் ஹப்புக்குள்ளேயே இறுகி இருக்கும். உருளைகள் அந்த வளையத்தோடு ஓடி ஓடி, ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகியிருக்கும். இடம் மாற்றிப் போட்டால் உராயும். மில்லில் நூல் உருளைகளுக்கு நிறக்குறி வைக்க மறந்தவர்களை நான் வாரத்துக்கு மூன்று பேர் வீதம் ஏசியிருக்கிறேன். ஆனால் என் வீட்டுக் கூடத்தில், நான் விரித்த பேப்பரில், குறி எதற்கு? இடமே குறிதானே.

மறுநாள் பூஜை. காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்டது.

‘பூஜைக்கு உங்க சாமான் என்னென்ன வைக்கணும்?’

‘எல்லாம் ஹால்ல பேப்பர் மேல இருக்கு, எடுத்து வச்சுக்கோ’ என்றேன்.

ஸ்பேனர்களைத்தான் நினைத்துச் சொன்னேன். இரண்டு பேப்பர் விரித்தவன் நான். ஒன்று என்று நினைத்துப் பதில் சொன்னவனும் நான். எழுபத்து மூன்று வயதில் எண்ணிக்கையில் நான் செய்த பிழை இது ஒன்று என்று வேண்டுமானால் யாரும் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு பொரி, கடலை, வாழை இலை வாங்கக் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது பூஜை அலமாரிக்கு முன்னால் ஸ்பேனர்கள் மயில்தோகை போல விரிந்திருந்தன. புத்தகங்கள் அடுக்கி, மேலே பட்டுத்துணி போர்த்தியிருந்தது. அவற்றின் நடுவே ஒரு கோபுரம் நின்றது.

‘இது என்னது?’

‘கோபுரம்.’

‘அது தெரியுது. எதுல கட்டியிருக்க?’

‘நீங்க கழுவி வச்சிருந்தீங்கள்லா, அந்த வளையத்துல. பெருசு ரெண்டும் கீழ, சின்னது ரெண்டும் மேல. அந்தக் கிரீடத்துக்கு மேல தகர மூடியக் கவுத்து வச்சேன். கலசம் எடுப்பா இருக்கா?’

எடுப்பாகத்தான் இருந்தது. நான்கு நிலையிலும் திருநீற்றைக் குழைத்து மும்மூன்று பட்டை, அதன் நடுவில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். கலசத்தில் ஒரு செவ்வந்தி. சந்தனம் உருளைகளின் இடுக்கில் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற ஆயுதங்களுக்கு ஒரு பொட்டு வைத்தவள், இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று கேட்டேன்.

‘நாலு வருசம் கழிச்சு வெளிய போறேன். என்னக் கொண்டுபோகப் போறது இதுதான? அதான் கூடக் கொஞ்சம் வச்சேன்.’

எனக்குத் தெரிந்தது வேறொன்று. பித்தளை விளக்கைத் திருநீறு போட்டுத்தான் தேய்க்கிறோம். விளக்கைத் தேய்ப்பது பேரிங்கையும் தேய்க்கும். அதிலும் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூற்று எழுபத்தோரு சுற்று வீதம் தேய்க்கும். இங்கிருந்து உவரி தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர். ஐம்பத்தாறாயிரம் சுற்று.

‘இடது பக்கத்துச் சாமான் எது, வலது பக்கத்துச் சாமான் எது?’

‘பக்கமா? வட்டமால்லா இருக்கு. வட்டத்துக்கு ஏது பக்கம்?’

உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். தேய்ந்து பழகியவை, மாறினால் உராயும், உராய்ந்தால் சூடு, சூடானால் சக்கரம் தனி வழி. அவள் முழுவதையும் கேட்டாள். என் கணக்கில் அவள் என்னை இடைமறிக்காமல் கேட்ட மிக நீளமான பேச்சு அது.

‘அப்பம் நாளைக்கிப் போக முடியாதா?’

அதை மட்டும்தான் கேட்டாள். குரல் தாழ்ந்து வந்தது.

‘போகலாம். இப்பமே எடுத்துக் கழுவிட்டா—’

‘எடுக்கக் கூடாது.’

‘ஏட்டி, உனக்காகத்தான சொல்லுதேன்.’

‘எனக்காகன்னாலும் வச்சது வச்சதுதான். புத்தகத்தையே தொடக் கூடாதுன்னு இருக்க நாள்ல பேரிங்கத் தொடுவீகளோ? நாளைக்கி மறுபூஜை முடியட்டும்.’ எழுந்து அடுப்படிக்குப் போனாள். சுண்டல் தாளிக்கும் சத்தம் வழக்கத்தை விடப் பலமாகக் கேட்டது.

மெக்கானிக்கைத் தேடிப் போனேன். அவருடைய பட்டறை வாசலில் இரண்டு வாழைமரம் கட்டி, டிராக்டருக்கு மாலை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் இரண்டு கை அள்ளிப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை அடக்க முயன்று, பொரி புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

‘புதுசு வாங்கி மாட்டிருவோம்னா இன்னைக்கும் நாளைக்கும் ஒரு கடை தொறக்க மாட்டான். நாளைக்கி எட்டு மணிக்கு வருதேன். இன்னைக்கி நான் ஸ்பேனரத் தொட்டா, வருசம் பூரா அது என்னத் தொட்டுக்கிட்டே இருக்கும்.’

‘மறுபூஜை ஏழு மணிக்கு. பத்தரைக்கு ராகு காலம். மூணரை மணி நேரந்தான் இருக்கு.’

‘பைய செய்வோம் அண்ணாச்சி. மதினி வச்ச சந்தனம், ஒண்ணும் கெடுதல் வராது.’

அன்று பகல் எனக்கு நடந்த கொடுமையை இங்கே சொல்லியாக வேண்டும். என் நோட்டும் பேனாவும் பூஜையில் இருந்தன. எண்ணியதை எழுத முடியாமல் ஒரு நாள் முழுக்க இருந்திருக்கிறேன். சின்னப் பேரிங் இரண்டை இரண்டு விதமாகப் போடலாம். பெரியதும் இரண்டு விதம். ஆக மொத்தம் நான்கு வழி, அதில் ஒன்றுதான் சரி. ஒவ்வொரு வழிக்கும் பத்து நிமிடம் என்றால் நாற்பது. கழுவ ஐம்பது, காய இருபது, கிரீஸுக்கு முப்பது. இதையெல்லாம் மனத்திலேயே வைத்துக்கொண்டு நடந்தால், எதிரே வருகிறவர் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டவுடன் கலைந்துவிடுகிறது. மூன்று முறை கலைந்தது.

சாயங்காலம் தோழியின் போன் வந்தது. மனைவி ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, கட்டிலில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டே பேசினாள்.

‘ஏளா, நாளைக்கி வர முடியுமோ என்னவோ. அவுக பேரிங்குக்கு நான் சந்தனம் வச்சுட்டேன்.’

‘சந்தனம் வச்சா என்னட்டி?’

‘தேஞ்சு போயிருமாம்.’

‘உங்க அவுகளுக்குக் கவலப்பட ஒண்ணு கெடச்சுட்டு, விட்டுரு. இங்கன தோப்புல வண்டி நிக்க எடம் பெருக்கி வச்சிருக்கேன். புதுச் சட்டி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், மீன் படாத சட்டி. நான் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துதேன். உன் சாமியும் என் மாதாவும் சேந்து ரெண்டு சக்கரத்த உருட்ட மாட்டாகளாக்கும்?’

மனைவி சிரித்தாள். போனை வைத்த பிறகு மடித்த சேலைகளை எடுத்துப் பெட்டியில் வைக்கவில்லை. கட்டில் மேலேயே விட்டிருந்தாள். மொத்தம் ஐந்து சேலை.

விஜயதசமி காலையில், ஏழு மணிக்குச் செய்ய வேண்டிய மறுபூஜையை அவள் ஆறு பத்துக்கே முடித்துவிட்டாள். கோபுரத்தைத் தானே கலைத்து, நான்கு பேரிங்கையும் ஒரு தட்டில் வைத்து, அர்ச்சனைத் தட்டை ஏந்தி வருவது போல முற்றத்துக்குக் கொண்டுவந்தாள். ‘கழுவுங்க’ என்றாள். நோட்டு பிறகுதான் கைக்கு வந்தது.

சந்தனம் காய்ந்தால் எப்படிப் பிடிக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. டீசலில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ் கொண்டு, உருளைக்கு உருளை தேய்த்தேன். டீசல் மூன்று முறை மாற்றினேன். மூன்றாவது முறை அடியில் ஒன்றும் தங்கவில்லை. எட்டு பதினான்குக்கு மெக்கானிக் வந்து, தட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். முதலில் கிரீஸ் இல்லாமல் லேசாக எண்ணெய் விட்டுப் பூட்டிச் சுற்றிப் பார்ப்பது, சரியான ஜோடி தெரிந்த பிறகு அடைப்பது என்று திட்டம்.

முதல் வழி. சக்கரத்தைச் சுற்றிவிட்டார். நான் குனிந்து கேட்டேன். சுற்றும் சத்தம் கேட்டது. அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மெக்கானிக் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

‘இருக்க மாதிரியும் இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு.’

அடுப்படி ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள். ‘அது என்ன கரகரங்கு?’

இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். ஜன்னலுக்கும் சக்கரத்துக்கும் இடையே இருபத்திரண்டு அடி.

அவள் முற்றத்துக்கு வர, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டோம். மெக்கானிக் ஒரு நீளமான திருப்புளியை எடுத்து, முனையை அச்சின் நுனியில் வைத்து, கைப்பிடியை அவள் காதோரம் பிடிக்கச் சொன்னார். ‘இப்படி வச்சா உள்ள உள்ளதெல்லாம் கேக்கும் மதினி.’ சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அவள் கண்ணை மூடினாள். எக்ஸ்சேஞ்சில் அவளைப் பார்க்கப் போன நாட்களில் இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். எதிரே யார் நின்றாலும் தெரியாத முகம்.

‘கல்லிடைக்குறிச்சி லைன் மழைக்காலத்துல இப்படித்தான் இருக்கும்’ என்றாள். ‘உள்ள இருக்க பெருசுல இல்ல. வெளிய இருக்க சின்னதுலதான்.’

அடுத்த சக்கரத்துக்கு நாற்காலியை நகர்த்தினோம். அங்கும் அதே தீர்ப்பு. சின்னவை இரண்டையும் இடம் மாற்றினோம். மறுபடி திருப்புளி, மறுபடி மூடிய கண்.

‘இந்தப் பக்கம் லைன் கிளீன்.’

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். நான்கு வழிக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். இரண்டே வழியில், பதினேழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் வலது சக்கரத்தில் அவள் திருப்புளியை எடுக்கவில்லை.

‘ஒண்ணு மட்டும் டிக்குன்னு இடிக்கி. கொஞ்சம் விட்டு விட்டு.’

‘எத்தனை சுத்துக்கு ஒரு தடவை?’ என்று கேட்டேன்.

‘அத எண்ணுதது உங்க வேலை.’

டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு மெதுவாகச் சுற்றினோம். அவள் ‘இந்தா’ என்றபோதெல்லாம் நான் எண்ணினேன். கோடு ஐந்து முறை மேலே வருவதற்குள் இடிப்பு மூன்று முறை. வளையத்தில் ஏதாவது இருந்தால் சுற்றுக்குப் பல இடிப்பு கேட்டிருக்கும். இது உருளைகளைப் பிடித்திருக்கும் கூண்டோடு சேர்ந்து சுற்றுகிறது, ஆகவே ஏதோ ஓர் உருளையின் இடுக்கில்தான் இருக்கிறது என்று நான் சொன்னேன். ‘பிரிச்சாத் தெரிஞ்சுரப் போவுது’ என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் பிரித்தார். ஒன்பதாவது உருளைக்குப் பின்னால் எள்ளளவு குங்குமக் கட்டி. நான் மூன்று டீசலில் தேய்த்தும் போகாதது. மனைவி அதை ஊசியால் எடுத்துத் தன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டாள். டீசல் நாற்றம் அடித்தது.

கிரீஸ் அடைப்பது கைவேலை. உள்ளங்கையில் ஓர் உருண்டை கிரீஸை வைத்து, பேரிங்கின் ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் கிரீஸ் புழுவாக வெளியே வரும்வரை தள்ள வேண்டும். நான் தள்ளியதில் என் முழங்கை வரை வந்தது, உருளைக்குள் போகவில்லை. மனைவி என் கையிலிருந்து பேரிங்கை வாங்கிக்கொண்டாள். முறுக்கு உழக்கில் மாவு பிதுங்குவது போல, அறுபத்து நான்கு இடுக்கிலும் வரிசையாக வந்தது.

‘மதினி, விஜயதசமில தொட்ட வேலை. இனி விடாது. பட்டறைக்கு வந்துருங்க’ என்றார் மெக்கானிக்.

‘சம்பளம் பேசணும்லா?’

‘அண்ணாச்சி எண்ணித் தருவாக.’

நட்டை இறுக்கி, சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்குத் தளர்த்தி, புதுக் கம்பி முள்ளை நுழைத்து வளைத்தார். தகர மூடியைத் தட்டிப் பூட்டினார். இரண்டு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து ஏறி இறங்கி, தெருவைத் தாண்டியபோது மணி பத்து இருபத்தொன்று. ராகு காலத்துக்கு ஒன்பது நிமிடம் மிச்சம்.

வழியில் பேரிங் சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்க ஏழு இடத்தில் நிற்பதாகத் திட்டம் வைத்திருந்தேன். மனைவி மூன்றுக்குத்தான் அனுமதி கொடுத்தாள். ஹப்பின் மேல் கையை வைத்துப் பத்து எண்ணும்வரை வைத்திருக்க முடிந்தால் கவலையில்லை என்பது மெக்கானிக்கின் கணக்கு. சேரன்மகாதேவியில் முப்பது எண்ணினேன். களக்காட்டில் அறுபது. நாங்குநேரியில் நூறு எண்ணிக்கொண்டிருந்தபோது, சாலையோரத்து இளநீர்க்காரர் என்னிடம் வந்து, ‘கை ஒட்டிக்கிட்டா அண்ணாச்சி?’ என்று கேட்டார்.

உவரியில் தோப்பு வாசலில் தோழி நின்றுகொண்டிருந்தாள். ஜீப் நின்றதும் என் மனைவியைக் கைபிடித்து இறக்கி, வண்டியின் பின்கதவைத் திறந்து அவளோடு ஏறிவிட்டாள். நான் இறங்கிப் போய்ப் பார்ப்பதற்குள் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. உள்ளே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு வருடம் பிறர் பேச்சை இணைத்துக் கொடுத்தவர்கள், அவர்கள் பேச்சுக்கு நடுவில் போக யாருக்கும் வழியில்லை. மெக்கானிக் ஜீப்பைக் கழற்றிக்கொண்டு, மறுநாளுக்கு மறுநாள் வந்து எங்களை ஊருக்கு இழுத்துப் போவதாகச் சொல்லி, மாமனார் வீட்டுக்குப் போனார். நான் ஒரு தென்னைமரத்தடியில் உட்கார்ந்து தோப்பை எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு மரம். ஒரு மணி நேரம் கழித்து ஜன்னல் வழியாக ஒரு டம்ளர் காப்பி வெளியே நீண்டது. எங்கள் அடுப்பில் போட்ட காப்பிதான்.

இரண்டு ராத்திரி என்பது பேச்சுக்குத்தான் பெரிதாகத் தெரிந்தது. இரண்டாம் நாள் மாலை தோழி தன் பெட்டிகளை வாசலில் எடுத்து வைத்தாள். மூன்று பெட்டி. மறுநாள் காலை ஆறு மணிக்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வாடகைக் கார் சொல்லியிருந்தாள். என் மனைவி வண்டியின் வாசற்படியில் உட்கார்ந்து அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றை நானும் பார்த்தேன். எத்தனை முறை எண்ணினாலும் மூன்றுதான்.

‘ஏளா, காருல எத்தன மணி நேரம்?’ என்று கேட்டாள்.

‘மூணு ஆவும்.’

‘இதுல போனா நாலு ஆவும்லா?’

தோழி திரும்பி வண்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ‘அண்ணாச்சிக்குச் சிரமமா இருக்குமே.’

ஓடும்போது வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது, ஜீப்பில்தான் உட்கார வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். ஜீப்பில் பின்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம் என்று மனைவி சொன்னாள். நூற்றிருபது கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மீட்டர் என்றால் மொத்தம் எத்தனை சுற்று என்று பார்க்க நோட்டைத் திறந்தேன். வகுத்து முடிப்பதற்குள் இருவரும் வாடகைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

‘தம்பி, நாளைக்கி ஊருக்கு இல்ல. திருவனந்தபுரத்துக்குப் போகணும். மாமனார் வீட்ல ஏதும் சங்கடப்படுவாகளா?’

‘அண்ணாச்சி, ரெண்டு நாளா மச்சினன் மோட்டார் ரிப்பேர், சகலை பம்புசெட்டு ரிப்பேர்னு இங்கன எனக்கு மூச்சு விட நேரமில்ல. எத்தன மணிக்கு வரணும்?’

‘காலைல ஆறு.’

‘இப்பமே வந்துருதேன்’ என்றார்.